சரளைக் குவாரியில் பறவைகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குவாரி என்றாலே உயிரற்ற வெற்றுக் குழி என்று எண்ணுவோர் பலர். ஆனால் வேலை நடந்துகொண்டிருக்கும் சரளைக் குவாரியில், கைவிடப்பட்ட குழியில் எளிதில் காணக் கிடைக்காத சில உயிர்கள் வாழ்கின்றன. இயந்திரம் புதிதாக வெட்டிய செங்குத்தான மணல் சுவரில் பஞ்சுருட்டான் என்னும் சிறு பறவைகள் ஏறக்குறைய 1 மீட்டர் நீளத்துக்கு வளை குடைந்து முட்டையிடுகின்றன. வெட்டு நின்றுபோனால் நாளடைவில் சுவர் சரிந்து, புதர் மூடி, அந்த இடம் அவற்றுக்குப் பயன்படாமல் போய்விடும். பட்டாணி உப்புக்கொத்தி என்னும் சிறு பறவையோ வெறும் சரளையில் சிறு பள்ளம் பறித்து, பெரும்பாலும் 4 முட்டைகளை, கூர்முனை உள்நோக்கி இருக்குமாறு இடுகிறது. கல்லின் நிறமும் புள்ளிகளும் கொண்ட அம்முட்டைகளை, இருக்கும் இடம் தெரிந்தவர்கூடத் தவறவிடுவார். ஆகவே, தெரியாமல் அவற்றின் மேல் வண்டியை ஏற்றிவிடும் லாரி ஓட்டுநரைக் குறை சொல்லிப் பயனில்லை. சுவரடியின் பொடிமணலில் குழிநரிகள் என்னும் பூச்சிப் புழுக்கள் புனல் வடிவக் குழி பறித்து எறும்புக்காகக் காத்திருக்கும்.

ஆகவே, இனப்பெருக்கக் காலம் முடியும்வரை வளைகள் உள்ள சுவரை மட்டும் விட்டுவிட்டு வேறு பக்கம் வெட்டுமாறும், முட்டையுள்ள இடத்தருகே சிறு கொடியொன்றை நட்டு வண்டிகளைத் திருப்பிவிடுமாறும் குவாரி நடத்துவோரைக் கேட்டுக்கொள்கிறேன். பார்க்கச் செல்வோரும் அனுமதி பெற்று, தலைக்கவசம் அணிந்து, சுவரடியில் நிற்காமல், தொலைவிலிருந்தே இருகண் நோக்கியில் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்