களிம்பில் இருப்பது மிளகாய்க் காரம் என்று தமிழில் சொல்லுங்கள்

எங்கள் வட்டாரத்து அரசு மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். மருந்து கொடுக்கிற இடத்தில் யாரும் விளக்கம் சொல்வதில்லை என்று எங்கள் ஊர்ப் பெண்கள் போன குறுவைக்கே மனு கொடுத்துவிட்டார்கள். உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. போன மாதம் என் அம்மாவுக்கு நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 63 வயது. வலங்கைமான் பக்கம் நாற்பது வருடம் நடவு நட்ட கால். பத்து வருடமாகச் சர்க்கரை. பகலில் பாதம் மதமதவென்று கிடக்கும், ராத்திரி ஆனால் தணலை மிதித்த மாதிரி எரியும். ஈரச் சாக்கை மடித்துப் போட்டு, அதன்மேல் காலை வைத்துக்கொண்டு விடிய விடியத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.

டாக்டர் காலைப் பார்த்துவிட்டு காப்சைசின் களிம்பு எழுதிக் கொடுத்தார். அவர்மேல் எனக்குக் குறையே இல்லை, நல்ல மருந்துதான் அது. மிளகாயின் காரமே காப்சைசின். சூட்டையும் காரத்தையும் நம் நரம்பு ஒரே வாசல் வழியாகத்தான் உணர்கிறது என்று 1997இல் கண்டுபிடித்த விஞ்ஞானி டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வாசலைக் காரம் திரும்பத் திரும்பத் தட்டினால் தோலில் இருக்கும் நரம்பு நுனிகள் ஓய்ந்து, வலியைச் சொல்வதைக் குறைத்துக்கொள்கின்றன. ஆனால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, மெல்லிசாக, சில வாரம் விடாமல் போட வேண்டும். முதல் சில நாள் எரியும். போட்டதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். புண் இருந்தால் போடக் கூடாது.

இதில் ஒரு வார்த்தையாவது அம்மாவுக்குச் சொல்லப்பட்டதா? மருந்து கொடுத்தவர் சொன்னது, "காலில் தடவும்மா, அடுத்தது யாரு?" அவ்வளவுதான். டப்பாவில் இருந்தது முழுக்க இங்கிலீஷ்.

அம்மா அதைத் தைலம் என்று நினைத்தார். இரண்டு பாதத்திலும் அழுத்தித் தேய்த்தார். அப்புறம், கால்வலிக்கு எப்போதும் செய்வதுபோல, நொச்சி இலை போட்டு வெந்நீர் வைத்து ஒத்தடம் கொடுத்தார். காரம் போட்ட தோலில் சூடும் சேர்ந்தால் என்ன ஆகும்? அலறிக்கொண்டே அதே கையால் கண்ணைத் துடைத்திருக்கிறார். அப்பா அடிபம்பிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியும் எரிச்சல் அடங்கவில்லை. கும்பகோணத்திலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது முகம் வீங்கிக் கிடந்தது. "விஷத்தைக் கொடுத்துட்டாங்கடி" என்றார். டியூப் எருக்குழியில் கிடந்தது.

மிளகாய் அரைத்த கை எரிந்தால் வெறும் தண்ணீருக்குப் போகாது, எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டுக் கழுவு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே என் அம்மாதான். "இது மிளகாய்க் காரம்மா" என்று ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் வெந்நீர் வைத்திருக்க மாட்டார், கண்ணைத் தொட்டிருக்க மாட்டார். அந்த ஒரு வரியைத்தான் கேட்கிறோம்.

வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்து டப்பாவில்கூட எழுத்துத் தெரியாதவர்களுக்காகச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நிறம் போட்டு ஆபத்தைக் காட்டுகிறார்கள். மனுஷன் உடம்பில் போடுகிற மருந்துக்கு அந்த அக்கறை வேண்டாமா? காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து, ஒரு நாள் கூலியை விட்டு, சீட்டு வாங்கி, வெயிலில் வரிசையில் நின்று ஜன்னலுக்கு வந்தால் அரை நிமிடம்கூட நிற்க விடுவதில்லை. மாத்திரையைக் காகிதத்தில் மடித்து, பேனாவால் இரண்டு கோடு போட்டுத் தள்ளிவிடுகிறார்கள். கோடு காலையா, ராத்திரியா, யாருக்குத் தெரியும்? எங்கள் தெருவில் பாதிப் பேர் இப்போது மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கித்தான் போடுகிறார்கள். அது நரம்பு எரிச்சலுக்குப் பெரிதாகக் கேட்பதில்லை, சர்க்கரைக்காரர்களின் சிறுநீரகத்தையும் கெடுக்கும். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்பது ஒன்றுதான். இந்தக் களிம்பு கொடுக்கும்போது தமிழில் வாயால் சொல்லுங்கள், கையகலத் தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்தும் கொடுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள், அதற்கு எங்கள் நன்றி. அப்படி வருகிற பெண்களிடம் இதையும் சொல்லி அனுப்பினால் போதும், படிக்கத் தெரியாதவர்களுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். தயவுசெய்து இந்தச் சம்பா நடவுக்கு முன் செய்துகொடுங்கள்.

நான் வாங்கிக் கொடுத்த புது டியூப் பிரிக்காமல் மாடத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது வந்து சொன்னால்தான் தொடுவேன் என்கிறார் அம்மா.

இப்படிக்கு,
நடவாள் ஒருவரின் மகள்