மைசூர் சபையும் திவானின் நாற்காலியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மைசூர் மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, மைசூரில் மக்களாட்சியைத் தொடங்கி வைத்தவரே அவர்தான், இதில் பிரிட்டிஷ் இந்தியாவையே மைசூர் முந்தியது என்கிறது. அவர் செய்தது பெரிய காரியம், சந்தேகமே இல்லை. ஆனால் மக்கள் குறைகளைச் சொல்லக் கூடிய பிரதிநிதி சபையைத் தொடங்கியவர் அவர் அல்லர். அவர் காலத்துச் சபைக்கு ஆட்சியை மாற்றும் அதிகாரமும் இல்லை. இவ்விரண்டையும் சொன்னால்தான் அவருடைய சீர்திருத்தத்தின் அளவு பிடிபடும்.

50 ஆண்டுகள் ஆங்கிலேயர் நேரடியாக நடத்திய நிர்வாகம் 1881 மார்ச் 25 அன்று அவருடைய தந்தை சாமராஜேந்திர உடையார் கைக்குத் திரும்பியது. அந்த ஆகஸ்டிலேயே பிரதிநிதி சபையைக் கூட்ட ஆணை பிறந்தது. அக்டோபர் 7 அன்று, தசரா சமயத்தில், 144 பேரை மைசூரில் கூட்டியவர் திவான் (மன்னரின் முதன்மை அமைச்சர்) ரங்காசார்லு, செங்கல்பட்டுச் சீமைக்காரர். வந்தவர்கள் ரயத்துகளும் (குடியானவர்கள்) வணிகர்களும். தேர்தலும் இல்லை, ஓட்டெடுப்பும் இல்லை. கடந்த ஆண்டின் வரவு செலவையும் வரும் ஆண்டின் வேலைகளையும் திவான் வாசிப்பார். உறுப்பினர்கள் தத்தம் தாலுகாவின் ஏரி, சாலை, மேய்ச்சல் நிலம் பற்றிய குறைகளைச் சொல்வார்கள். எந்தக் குறைக்கு அரசு என்ன பதில் தந்தது என்பது நடவடிக்கைக் குறிப்பில் அச்சேறியது. ஓட்டில்லாத சபைக்கு இதுதான் பிடி. பதில் அச்சில் இருந்தால் அடுத்த தசராவில் அதைக் காட்டிக் கேட்கலாம். சொத்துத் தகுதியோடு கூடிய தேர்தல் முறை பத்தாண்டு கழித்தே வந்தது.

சபைக்கு ஏன் அதற்கு மேல் கொடுக்கவில்லை? மன்னரின் மனம் மட்டும் காரணமல்ல. கஜானா 1876-78 பஞ்சத்தில் காலியாகி, இந்திய அரசுக்கு 80 லட்சம் கடன் நின்றது. ஆங்கிலேயருக்குக் கட்டும், 24½ லட்சமாக இருந்த கப்பத்தை 35 லட்சமாக உயர்த்தியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆட்சியைத் திருப்பித் தந்த பத்திரத்திலேயே, வைஸ்ராயின் சம்மதமின்றி நிர்வாக முறையில் பெரிய மாற்றம் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. 1913 ஒப்பந்தம் அந்தப் பத்திரத்தின் இடத்துக்கு வந்தபோது தளை தளர்ந்தது, அறுபடவில்லை.

நால்வடியாரின் பங்கு இங்கிருந்து தொடங்குகிறது. 1907-ல், பிரதிநிதி சபையைத் தவிர, சட்டம் இயற்றத் தனியாக ஒரு சிறிய சட்டசபை. விஸ்வேஸ்வரய்யா திவானாக இருந்தபோது அதன் உறுப்பினர்கள் 18-லிருந்து 24 ஆனார்கள். பட்ஜெட்டை விவாதிக்கும் உரிமையும் வந்தது. அரசியல் சீர்திருத்தத்தை ஆராய்ந்த பிரஜேந்திரநாத் சீல் குழுவின் அறிக்கைக்குப் பின் 1923-ல் இரண்டு சட்டங்கள். பிரதிநிதி சபை 250 பேராக விரிந்தது. புதிய வரி போடுமுன் அதைக் கலந்தாக வேண்டும். மசோதா சட்டசபைக்குப் போகுமுன் அதன் அடிப்படைக் கொள்கை இங்கே அலசப்பட வேண்டும். சட்டசபை 50 பேர் ஆனது, அவர்களில் அதிகாரிகள் 20. மானியக் கோரிக்கைகள் (அரசு செலவுக்குக் கேட்கும் தொகைகள்) மீது ஓட்டளிக்கும் உரிமை அதற்குக் கிடைத்தது. பெண் என்பதற்காக வாக்குரிமை மறுக்கும் விதியும் போயிற்று. மசோதாவைச் சட்டசபைக்கு முன்பே பெரிய சபையில் வைத்த அந்த ஏற்பாட்டை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். கிராமத்திலிருந்து வந்தவர் சட்டத்தின் வாசகம் இறுகுவதற்கு முன்பே பேச முடிந்தது.

ஆனால் இரண்டு சபைகளுக்கும் தலைவர் திவானே. அவரை நியமிப்பதும் நீக்குவதும் மன்னர். அரண்மனைச் செலவு, கப்பம், படைச் செலவு போன்றவை ஓட்டுக்கு வராது; வெட்டிய மானியத்தை அரசு திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவரே அவையையும் நடத்தினால் தீர்மானம் எவ்வளவு காரமாக இருந்தாலும் சிபாரிசாகவே நிற்கும். இதே காலத்தில், அடுத்த வீடான சென்னை மாகாணத்தில், சில துறைகள் மட்டும் அமைச்சர்களிடமும் மற்றவை ஆளுநரிடமும் இருந்த இரட்டையாட்சியின் குறைகளோடாயினும், சட்டசபைக்குப் பொறுப்பான அமைச்சர்கள் 1920 முதல் இருந்தார்கள். ஆகவே பிரிட்டிஷ் இந்தியாவை மைசூர் முந்தியது என்ற கட்டுரையின் வரி நிற்காது.

அடுத்த சீர்திருத்தக் குழு 1938-ல்தான் அமைந்தது; விதுராஸ்வத்தா கிராமத்தில் கூடிய மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்ததும் அந்த ஆண்டில்தான். 1940 சட்டம் பிரதிநிதி சபையை 310 ஆகவும் சட்டசபையை 68 ஆகவும் ஆக்கியும் மூல முடிச்சை அவிழ்க்கவில்லை. 'மைசூர் சலோ' ('மைசூருக்குச் செல்வோம்') கிளர்ச்சிக்குப் பின், 1947 அக்டோபரில், கே.சி. ரெட்டி தலைமையில்தான் மக்கள் பிரதிநிதிகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பாட்சி அமைந்தது. அப்போது அரியணையில் இருந்தவர் ஜெயசாமராஜ உடையார்.

கட்டுரை முற்றிலும் விட்டுவிட்ட ஒன்று மில்லர் குழு. 1918-ல் நால்வடியார் அமைத்த அது, ஏழு ஆண்டுகளுக்குள் உயர்பதவிகளில் பாதியும் கீழ்நிலைப் பதவிகளில் மூன்றில் இரண்டும் பிராமணரல்லாதாருக்குப் போக வேண்டும் என்றது. சென்னையின் வகுப்புவாரி அரசாணை 1921-ல்தான் வந்தது. விஸ்வேஸ்வரய்யா இந்தக் கொள்கையை ஏற்காமல் பதவி விலகினார், மன்னர் பின்வாங்கவில்லை. தன் திறமைமிக்க திவானை இழந்தும் அவர் உறுதியாக நின்ற இடம் இது. தொடரின் அடுத்த பகுதியில் இதற்குத் தனி இடம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஓசூர்.