ஞாயிறு ஏற்காடு: இந்த முறை குப்பனூர் வழி

நண்பர்களே, வரும் ஞாயிறு சைக்கிளில் ஏற்காடு ஏறுகிறோம், ஆனால் அடிவாரம் வழியில் இல்லை. அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஞாயிற்றுக்கிழமை காரும் பைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டே போகும், மூச்சு வாங்க ஏறுகிறவனுக்குப் பெரிய தொல்லை. அதனால் அயோத்தியாப்பட்டணம், குப்பனூர், கொட்டச்சேடு வழி. ரோடு குறுகல்தான், ஆனால் காட்டுக்குள் அமைதியாகப் போகலாம். சேலத்தில் இருந்து மேலே போய்ச் சேர்வதற்குள் 1,200 மீட்டர் உயரம் ஏறியிருப்போம், ஆகவே ஆரம்பத்திலேயே வேகம் காட்டாமல் சின்ன கியரில் உட்கார்ந்தபடியே மிதியுங்கள், நடுவில் தள்ளிக்கொண்டு நடந்தாலும் யாரும் சிரிக்கப் போவதில்லை.

காலில் தெம்பு மிச்சம் இருப்பவர்கள் மேலே 32 கிலோமீட்டர் சுற்றுச்சாலையையும் ஒரு சுற்று வரலாம். காபித் தோட்டம், சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடி, நல்ல நிழல். காட்டெருமை எதிரே நின்றால் பெல் அடிக்காதீர்கள், போட்டோவும் வேண்டாம், தள்ளி நின்று அது போனபிறகு கிளம்புங்கள். வாழைப்பழத்தைப் பையின் வெளியே தொங்கவிட்டால் அது குரங்குக்குத்தான்.

இறக்கம்தான் எனக்குக் கவலை. பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் ரிம் சூடேறி ட்யூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன்னாலேயே அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், நேர் ரோட்டில் விட்டுவிடுங்கள். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் சனிக்கிழமைக்குள் மாற்றிவிடவும். அப்புறம் ஸ்பேர் ட்யூப், பம்ப், ஹெல்மெட். ஹெல்மெட் இல்லாமல் வந்தால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவேன், சொல்லிவிட்டேன்.

காலை 5:30, அயோத்தியாப்பட்டணம். வருகிறவர்கள் சனி இரவுக்குள் இங்கே பெயர் போடுங்கள்.