புட்டியின் பின்பக்கத்தையும் படி

பினாங்கு

அன்புள்ள மகள் தேன்மொழிக்கு,

தீபாவளிக்கு வந்தபோது நீ விட்டுச் சென்ற புரோபயோட்டிக் புட்டியை எடுத்து, அதன் பின்பக்கத்தை முழுவதும் படித்தேன். கோலாலம்பூரில் இன்னும் அதையே சாப்பிடுகிறாய் என்று தங்கை சொன்னாள்.

முகப்பில் ஐயாயிரம் கோடி நல்ல பாக்டீரியா என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். அது தயாரித்த நாளின் எண்ணிக்கை என்று பின்னால் பொடி எழுத்தில் இருக்கிறது. காலாவதியாகும் நாளில் எத்தனை உயிரோடு இருக்கும் என்பதற்குப் பேச்சே இல்லை. குளிரில் வைக்கச் சொன்னதை நீ காரில் போட்டு வைக்கிறாய். இந்த வெக்கையில் அவை மடிந்துகொண்டேதான் இருக்கும். லாக்டோபேசிலஸ் ரம்னோசஸ் என்ற பாக்டீரியாவின் பெயருக்குப் பின்னால் ஜிஜி என்பது போன்ற வகைக்குறியும் இல்லை. ஒரு வகையை வைத்து ஆராய்ந்து கண்ட பலனை அதே இனத்தின் இன்னொரு வகைக்கு உரியதாகச் சொல்ல முடியாது, அம்மா.

பிறர் கணக்கில் ஒரு சென்கூடத் தவறவிடாதவள் என்று உன் அலுவலகத்தில் சொன்னதை நான் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்ட நீ, வயிற்றுக்குள் போவதைப் படிக்காமல் விழுங்கலாமா?

மெக்னீசியம் ஸ்டியரேட்டும் சிலிக்கன் டையாக்சைடும் தூள் ஒட்டாமலிருக்கச் சிறிதளவு சேர்ப்பவை. அவற்றுக்காக நான் அஞ்சவில்லை. மாத்திரை உறையின் வெண்மைக்காகச் சேர்த்திருக்கும் டைட்டானியம் டையாக்சைடை உணவில் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் தடை விதித்துவிட்டது. உறை ஜெலட்டின், எந்த விலங்கிலிருந்து எடுத்தது என்று எழுதவில்லை, நீயோ புரட்டாசி முழுவதும் சைவம் இருப்பவள். இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது இன்யுலின். அந்தப் பாக்டீரியாவுக்கு உணவாகச் சேர்க்கும் இந்த நார்ப்பொருள் குடலில் புளித்துக் காற்றை உண்டாக்கும். சிலருக்கு வயிறு உப்பும். வயிறு உப்புகிறது என்றுதானே நீ இதை வாங்கினாய்? சுகாதார அமைச்சில் பதிவான பொருள் என்பதைக் காட்டும் ‘மால்’ (MAL) பதிவெண்ணும் ஹோலோகிராம் வில்லையும்கூட அதில் இல்லை.

தீபாவளிப் புடவைக்கு உன் ரவிக்கையை இரு பக்கமும் பிடித்துத் தைத்தது நான்தான். ஒன்றுமில்லை என்று நீ சொன்னதால் மேலே கேட்கவில்லை. உடம்பு இளைத்து, வயிறும் விடாமல் தொல்லை கொடுத்தால், அது மாத்திரையை மாற்றிப் பார்க்கும் விஷயமன்று. பின்பக்கத்தைப் படி, பிறகு அந்தப் புட்டியோடு ஒரு டாக்டரைப் பார். இந்தச் சனிக்கிழமையே போ. துணை வேண்டுமென்றால் சொல், பட்டர்வொர்த்தில் இரயிலேறி முந்தின நாளே வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா