கரி போட்டவன் சொல்கிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் எங்கள் பக்கத்துக் கடலோர விடுதி ஒன்றைப் பற்றி முக்கால் பக்கம் போட்டிருந்தீர்கள். படம் பிரமாதம். அதன் கீழே, 'புகை தண்ணீரில் வடிகட்டி வருவதால் ஷீஷாவில் சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை' என்று ஒரு வரி. எழுதியவருக்கு இதைச் சொன்னது யார், விடுதிக்காரரா?

வளைகுடாவில் 11 வருஷம் ஷீஷாவுக்குக் கரி போட்ட ஆள் நான். ஷீஷா என்றால் ஹூக்காதான்: மேலே கரி வைத்துப் புகையிலையைச் சூடாக்கி, புகையைக் குடுவைத் தண்ணீர் வழியே குழாயில் இழுப்பது. எங்கள் முதலாளியும் இதே வசனத்தைத்தான் சொல்வார். இரவு கடை சாத்தியதும் குடுவைத் தண்ணீரைக் கொட்டுவது என் வேலை. மஞ்சளாக, குடலைப் புரட்டும் நாற்றத்தோடு வரும். அழுக்கெல்லாம் தண்ணீரோடு போய்விட்டது என்று நானும் நம்பியிருந்தேன். ஒரு குளிர்காலம், கதவு ஜன்னல் எல்லாம் சாத்திக்கிடந்த நேரம், ஷீஷாவில் ஒருநாளும் வாய் வைக்காத நான் தலைசுற்றி விழுந்தேன். கரியிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு என்றார் டாக்டர். அதற்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. தண்ணீருக்கு அது சிக்காது. நிகோடினில் கொஞ்சம் தண்ணீரில் தங்கும், சரி. ஆனால் உடம்பு கேட்கிற அளவு கிடைக்கும்வரை ஆள் இழுப்பானே! ஒரு தடவை உட்கார்ந்து எழுவதற்குள் 100 சிகரெட்டுக்குச் சமமான புகைகூட உள்ளே போகலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே எச்சரித்தது. தாங்கள் அறியாததல்ல.

ஹூக்கா கூடங்களைத் தடைசெய்யும் மசோதா 2022-ல் நம் சட்டசபையில் நிறைவேறியதையே தங்கள் பத்திரிகையில்தான் படித்தேன். அந்தச் செய்தியைத் தங்கள் ஞாயிறு இணைப்புக்காரர்கள் படிக்கவில்லை போலும்.

மண்டபம் பக்கம் இலங்கைக்குப் போகும் பீடி இலை மூட்டை பிடிபட்டால் முதல் பக்கத்தில் வருகிறோம். கடல் அட்டை பிடிபட்டாலும் அப்படித்தான். எங்கள் தெருக் குடிநீரைப் பற்றி நான் எழுதிய கடிதம் மட்டும் 4 வரியாகச் சுருங்கி, அதிலும் கீழக்கரை 'கீழ்க்கரை' ஆகி வந்தது. போகட்டும்.

என் தங்கை மகனுக்கு 19 வயது. தங்கள் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, "மாமா, பேப்பர்லயே போட்டிருக்கான் பாருங்க. இது ஆப்பிள் வாசம்தான்" என்கிறான். ஆப்பிள் வாசம் எசன்ஸ் கொடுப்பது, உள்ளே இருப்பது வெல்லப்பாகில் ஊறிய புகையிலை என்று 3 நாளாகச் சொல்கிறேன். புகையிலையே இல்லாத 'மூலிகை' என்றாலும் மேலே எரிவது அதே கரிதானே. அதுவும் அவன் காதில் ஏறவில்லை. நான் வெறும் சபுராளி, வெளிநாட்டில் பிழைத்துத் திரும்பியவன்; தாங்கள் பத்திரிகை!

அதே ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், ஒரு திருத்தம் போடுங்கள். இரண்டு வரி போதும். இந்தக் கடிதத்தையும் சுருக்குவீர்கள் என்று தெரியும். கரி விஷயத்தை மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய சபுராளி,
கீழக்கரை (ழ-வுக்குப் புள்ளி இல்லை)