மேனுவலையே எடு, கலா

கோயம்புத்தூர்

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மறுநாளே பேப்பரைக் கொண்டுவரச் சொன்னார்கள் என்று படித்ததும்தான் நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டுக்கொள்ளச் சொல். இங்கே நாங்கள் எல்லோரும் நலம். மகன் ஸ்டுட்கார்ட்டில் வேலையில் சேர்ந்துவிட்டான், அவனைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

முதலில் உன் கார். ஃபோக்ஸ்வாகனின் வர்டஸ் ஜிடி செடான், 1.5 லிட்டர் எஞ்சின் என்பதுவரை முடிவாகிவிட்டது. ஆறு கியர் மேனுவலா, ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேடிக்கா என்ற இடத்தில் வந்து நிற்கிறாய். ஷோரூமில் ஆட்டோமேடிக் என்கிறார்கள், உன் வீட்டுக்காரரும் அதையே சொல்கிறார், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருக்கிறாய். மேனுவல் எடு என்கிறேன். சும்மா சொல்லிவிட்டுப் போக மனமில்லை, அதனால் காரணங்களையும் எழுதுகிறேன்.

வேகத்துக்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் போட்டியில் மேனுவல் தோற்று வெகுகாலமாகிவிட்டது. 1989-இல் ஃபெராரி அணி, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விரலால் இழுத்துக் கியர் மாற்றும் பேடில் வைத்த காரைப் பிரேசில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறக்கியது. அந்தக் காருக்கு அதுவே முதல் பந்தயம். நைஜல் மான்செல் அதில் ஜெயித்தும் காட்டினார். சில ஆண்டுகளுக்குள் ஃபார்முலா ஒன்னில் கியர்த் தண்டும் கிளட்ச் பெடலும் காணாமல் போயின. உன் டிஎஸ்ஜி வேறு வகை. அதற்குள் இரண்டு கிளட்ச்கள் இருக்கின்றன. ஒற்றைப்படை கியர்கள் ஒன்றின் பொறுப்பு, இரட்டைப்படை கியர்கள் மற்றதன் பொறுப்பு. நீ மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருக்கும்போதே நான்காவது தயாராகக் காத்திருக்கும். ஒரு கிளட்ச் விடவிட மற்றது பிடித்துக்கொள்ளும். எவ்வளவு கைதேர்ந்தவரும் கையாலும் காலாலும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது.

ஆனால் அந்த வேகத்தை வைத்துக்கொண்டு எங்கே போவது? 150 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அதுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 1,600 முறை சுழலும்போதே முழுதாகக் கிடைத்துவிடுகிறது. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் பத்து விநாடிக்குள் நூறைத் தொட்டுவிடுவாய். அடுத்து லாரி வரும், சுங்கச்சாவடி வரும், சாலையைக் கடக்கும் ஆட்டுமந்தை வரும். ஆட்டோமேடிக்கில் உன் பங்குக்கு இருப்பது அந்தப் பத்து விநாடிதான். மேனுவலிலோ நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதுகூட உன் கைக்கும் காலுக்கும் காதுக்கும் வேலை இருக்கிறது. நம் சாலைகளில் ஸ்போர்ட்டி கார் ஓட்டுகிறவர்களுக்கு நிஜமாகக் கிடைக்கக்கூடிய இன்பம் அது ஒன்றுதான் என்பது என் தீர்மானமான எண்ணம்.

வால்பாறைப் பாதையை நினைத்துப் பார். ஆழியாறு தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ என்ற காட்சிமுனை. கீழே அணை நீர் முழுவதும் தெரியும். அந்த இடத்துக்கு மேலே ஏறும்போது வளைவுக்கு வளைவு இதுதான் வேலை: மூன்றாவது கியரில் நெருங்குகிறாய், பிரேக்கை அழுத்துகிறாய், இடது கால் கிளட்சை மிதிக்கிறது. பிரேக்கின் மேல் இருக்கும் வலது பாதத்தின் வெளிவிளிம்பால் ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டு தட்டினால் எஞ்சின் சட்டென்று குரலை உயர்த்தும். அந்தக் கணத்தில் தண்டை இரண்டாவதுக்கு இழுத்துக் கிளட்சை விட வேண்டும். சரியாக அமைந்துவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் தலைகூட அசையாது. வளைவை விட்டு வெளியே வரும்போது எஞ்சின் இழுப்பதற்குத் தயாராக இருக்கும். அமையாவிட்டால் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கும், அடுத்த வளைவில் திருத்திக்கொள்ளலாம். நாற்பது முறை வாய்ப்புத் தரும் சாலை வேறு எங்கே இருக்கிறது?

அதே பாதையில் டிஎஸ்ஜியை டி-யில், அதாவது சாதாரண ஓட்டத்துக்கான நிலையில், விட்டுவிட்டால், இரண்டு வளைவுகளுக்கு நடுவே காலை லேசாகத் தளர்த்தியதும் எரிபொருளை மிச்சம் பிடிக்க மேல் கியருக்குப் போய்விடும். வளைவு முடிந்து நீ மிதிக்கும்போது ஒரு கணம் யோசித்து, இரண்டு கியர் இறங்கி, பிறகு பாயும். எஸ் என்ற ஸ்போர்ட் நிலையில் போட்டால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். பேடிலும் இருக்கிறதே என்று உன் வீட்டுக்காரர் கேட்பார், நியாயமான கேள்விதான். இறக்கத்தில் பேடிலை இழுத்து இரண்டாவதில் நிறுத்திக்கொண்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடேறாது. அந்த வகையில் மேனுவலுக்கு அது எதிலும் இளைத்ததில்லை. என்றாலும் பேடிலை இழுப்பது ஒரு விண்ணப்பம் போடுவது மாதிரி. ஏற்பதும் மறுப்பதும் கணினியின் கையில் இருக்கிறது. எஞ்சின் சுழற்சி உச்சத்தைத் தொட்டால் உன்னைக் கேட்காமலே மேல் கியருக்குப் போய்விடும்.

நெரிசல் விஷயத்தையும் எழுதியிருந்தாய். மெட்ரோ வேலை நடக்கும் பழைய மகாபலிபுரம் சாலையில் தினமும் நீயே ஓட்டிப் போகிறவளாக இருந்தால் இந்தக் கடிதத்தை நான் வேறு விதமாக எழுதியிருப்பேன். உன்னை அலுவலக வண்டி வந்து அழைத்துப்போகிறது. கடைக்கும் மருத்துவமனைக்கும் வீட்டில் சின்ன ஆட்டோமேடிக் இருக்கிறது, உன் வீட்டுக்காரரின் இடது முழங்காலுக்கு அதுவே போதும். புது வண்டி ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் மலைப்பயணங்களுக்கும்தானே? தினம் ஊர்ந்து போவதற்காக ஒரு வசதியை வாங்கி, அதை ஊர்ந்து போகாத வண்டியில் வைப்பானேன்?

அந்த ஏழு கியர் டிஎஸ்ஜியில் இருப்பது எண்ணெயில் ஊறாத உலர் கிளட்ச். அங்குலம் அங்குலமாக நகரும் நெரிசலில் அது உராய்ந்து சூடாகும். 2013-இல் இந்த வகைக் கியர் பெட்டிக்காக ஃபோக்ஸ்வாகன் உலகம் முழுவதும் சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து, செயற்கை எண்ணெயை எடுத்துவிட்டுத் தாது எண்ணெய் மாற்றியது. அதற்குப் பின் எவ்வளவோ திருத்தங்கள் வந்துவிட்டன, உன்னைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர்கள் குறைவு, செலவும் அதிகம். மேனுவல் கிளட்ச் பிளேட் தேய்ந்தால் அதை மாற்றத் தெரிந்த மெக்கானிக் எந்த ஊரிலும் கிடைப்பார். வாங்கும்போதே மேனுவலில் லட்ச ரூபாய்க்கு மேல் மிச்சம். அந்தப் பணத்தில் நல்ல டயர் போடு. மழைக்கால மலைச்சாலையில் அதைவிட உருப்படியான செலவு இல்லை.

இப்போது மகன் விஷயம். ஜெர்மனியில் நம் ஊர் உரிமத்தை வைத்துக்கொண்டு நிரந்தரமாக ஓட்ட முடியாது; மறுபடி தேர்வு எழுத வேண்டும். ஆட்டோமேடிக்கில் தேர்வு கொடுத்தால் உரிமத்தில் 78 என்ற எண்ணைப் பதித்து, மேனுவலைத் தொடக்கூடாது என்று கட்டிப்போட்டுவிடுவார்கள். 2021 ஏப்ரலிலிருந்து ஒரு சலுகை: மேனுவலில் பத்து வகுப்பு ஓட்டிப் பயிற்சிப் பள்ளியில் சோதனை கொடுத்துவிட்டால், தேர்வை ஆட்டோமேடிக்கில் கொடுத்தாலும் இரண்டையும் ஓட்டலாம். மேனுவலில் ஊறிய ஜெர்மனியே இப்படி மாறிக்கொண்டிருக்கிறது. மின்சாரக் கார்களில் பெரும்பாலும் மாற்றுவதற்குக் கியரே கிடையாது. 2025-இல் இந்தியாவுக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐயிலும் டிஎஸ்ஜி மட்டும்தான். ஆட்டோமேடிக் உனக்கு எந்த வருஷமும் கிடைக்கும். 150 குதிரைத்திறனோடு மூன்று பெடல் உள்ள செடான் இன்னும் எத்தனை வருஷம் ஷோரூமில் இருக்கும்? கேட்பதற்கு ஆள் இருந்தால் கார் கம்பெனிகளும் செவிசாய்க்கின்றன. போர்ஷே 2013-இல் 911 ஜிடி3 என்ற ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து மேனுவலை எடுத்தது. ரசிகர்கள் விடவில்லை, 2017-இல் திருப்பிக் கொடுத்தது. உன் வர்டஸ்கூட 2022-இல் வந்தபோது 1.5 எஞ்சினோடு டிஎஸ்ஜி மட்டும்தானே இருந்தது? அடுத்த வருஷம்தான் மேனுவல் சேர்ந்தது.

முன்பணம் கட்டுவதற்கு முன் இரண்டையும் ஓட்டிப் பார். ஷோரூம்காரர் காட்டும் காலிச் சாலையில் ஒரு சுற்று போதாது. ஏதாவது ஒரு மேம்பால ஏற்றத்தில் நிறுத்திவிட்டுக் கிளப்பச் சொல், கிளட்ச் எந்த உயரத்தில் பிடிக்கிறது என்று கால் தெரிந்துகொள்ளட்டும். தடித்த அடிப்பாகம் உள்ள செருப்பு வேண்டாம், மெல்லிய ஷூ போட்டுக்கொள். பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் உன் பாதத்துக்கு எட்டும் இடைவெளியில் இருக்கின்றனவா என்று வண்டி நிற்கும்போதே அழுத்திப் பார்த்துக்கொள். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தி, கிளட்ச் முழுவதும் உள்ளே போனபிறகும் முழங்கால் லேசாக மடிந்திருக்கும்படி வை. இதெல்லாம் பொருந்தாமல் டிஎஸ்ஜிதான் கைக்கு வந்தது என்றால் அதையே எடு, எனக்கு வருத்தம் இல்லை. நெரிசலில் மட்டும் பிரேக்கை அரைகுறையாக அழுத்தி ஊர வேண்டாம். முழுக்க அழுத்தி நின்று, முன்னே இடம் விட்ட பிறகு நகர்ந்து போ.

வண்டி வந்ததும் பொள்ளாச்சிக்கு வா. நான் அங்கே வந்து சேர்ந்துகொள்கிறேன். விடிவதற்குள் கிளம்பினால் பஸ்களுக்கு முன்னால் மேலே போய்விடலாம். ஏறுவது நீ, இறங்குவது நான். மழைக்காலமானால் பதினைந்து நாள் தள்ளிப் போடலாம், மண்சரிவு இருக்கும். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். ஓட்டிப் பார்த்த அன்றைக்கே போன் செய், எட்டு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
வசந்தா