எந்த வடிவம் என்று எழுதச் சொல்லுங்கள்

உயிரியல் ஆய்விதழ்களின் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். டபிள்யூ.டி.1 புரதம் சிறுநீரக உயிரணுக்களில் எந்தெந்த மரபணுக்களை இயக்குகிறது என்பதை விவரிக்கும் ஆய்வுக்கட்டுரை ஒன்று உங்களுள் ஒருவரது இதழில் அண்மையில் வெளிவந்தது. அப்புரதத்தின் எந்த வடிவத்தைப் பயன்படுத்தினார்கள் என்று ஆசிரியர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். செய்முறைப் பகுதியைப் பார்க்குமாறு ஒற்றை வரியில் பதில் வந்தது. அப்பகுதியில் புரதத்தின் பெயர் மட்டுமே இருக்கிறது.

இது சிறு விவரம் அன்று என்பதை நீங்கள் அறிவீர்கள். ஒரே மரபணுவின் ஆர்.என்.ஏ. வெட்டி இணைக்கப்படும் இடம் சற்றே விலகுவதால், டி.என்.ஏ.வைப் பற்றும் விரல் போன்ற பகுதிகளான துத்தநாக விரல்களில் மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையே லைசின், த்ரியோனின், செரின் ஆகிய மூன்று அமினோ அமிலங்கள் உள்ள வடிவமும் அவை இல்லாத வடிவமும் உருவாகின்றன. இல்லாத வடிவம் டி.என்.ஏ.வை இறுகப் பற்றி மரபணுக்களின் படியெடுப்பை நெறிப்படுத்துகிறது. உள்ள வடிவத்துக்கு அந்தப் பிடி தளர்வு, அது ஆர்.என்.ஏ.வைக் கையாளும் புரதங்களோடு சேர்ந்துகொள்கிறது. இவ்விரண்டின் விகிதம் குலைவதே ஃபிரேசியர் நோய்க்குறிக்குக் காரணம் என்பது 1997இலேயே வெளியாயிற்று. இம்மரபணுவின் ஒன்பதாம் இன்ட்ரானில் (ஆர்.என்.ஏ.விலிருந்து வெட்டி நீக்கப்படும் பகுதியில்) நேரும் மாற்றத்தால் மூன்று அமினோ அமிலங்களுள்ள வடிவம் குறைகிறது. அதனாலேயே சிறுநீரகம் செயலிழக்கிறது, எக்ஸ்.ஒய். குரோமோசோம்கள் கொண்ட குழந்தைகளின் பாலுறுப்பு வளர்ச்சியும் திசைமாறுகிறது.

அக்கட்டுரையின் முடிவைச் சரிபார்க்க முனைந்த எங்கள் ஆய்வு மாணவி, எந்த வடிவத்தைத் தயாரிப்பது என்று தெரியாமல் இரண்டையும் தயாரித்தார். இரண்டும் வெவ்வேறு மரபணுக்களைத் தூண்டின, கட்டுரையோடு ஒப்பிடத்தான் வழியில்லை. உங்கள் இதழ் ஒரு சொற்றொடரைக் கேட்டு வாங்கியிருந்தால் அவருடைய உழைப்பு இப்படி வீணாகியிருக்காது.

இது ஒரு புரதத்தோடு நிற்கும் குறையும் அன்று. கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்களை ஏற்கும் புரதமான குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பியின் ஆல்ஃபா வடிவம் ஹார்மோனோடு பிணைந்து மரபணுக்களை இயக்க, பீட்டா வடிவமோ அதைத் தடுக்கக்கூடியது. டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதங்களுள் எச்3.3 வடிவம், எச்3.1இலிருந்து வேறுபடுவது ஐந்தே அமினோ அமிலங்களில். ஆனால் அதை டி.என்.ஏ.வும் ஹிஸ்டோன்களும் சேர்ந்த குரோமாட்டினில் சேர்க்கும் துணைப்புரதங்களே வேறு. இவற்றைப் பிரித்தறிய முடியாத ஆன்டிபாடியால் எடுத்த படங்களும் மறுகேள்வியின்றி அச்சாகின்றன. எழுத்துருவின் அளவுக்கும் படத்தின் அகலத்துக்கும் விதி வகுத்திருக்கும் உங்களால், புரதத்தின் வடிவத்துக்கு ஒரு விதி வகுக்க முடியாதா?

ஆகவே, பயன்படுத்திய புரத வடிவத்தையும் அதன் தரவுத்தள எண்ணையும் ஒவ்வொரு கட்டுரையிலும் கட்டாயமாக்குமாறும், அவை இல்லாதவற்றை மதிப்பாய்வுக்கு அனுப்பும் முன்பே திருப்பியனுப்புமாறும் கேட்டுக்கொள்கிறேன். மேற்குறித்த கட்டுரையின் ஆசிரியர்களிடம் அந்த விவரத்தைப் பெற்றுத் திருத்தமாக வெளியிடவும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
மரபணு நெறிப்படுத்தலை ஆராயும் ஒருவர்